நூற்றுக்கு ஏழரை என்னும் பழங்கதை

தமிழ்நாட்டில் உரிமையியல் வழக்குகளுக்கான கட்டணத்தை 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டம் நிர்ணயிக்கிறது. வழக்கின் மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஏறும் கட்டணம் ஒரு வகை. மதிப்பு பெருகினாலும் சதவீதக் கணக்கில் ஏறாத நிலையான கட்டணம் இன்னொரு வகை. முதல் வகையின் விகிதம் நெடுங்காலம் நூறு ரூபாய்க்கு ஏழரை ரூபாயாக இருந்தது. அது அதிகம் என்று தொடுக்கப்பட்ட ஸ்ரீராமுலு வழக்கில், அந்த விகிதம் செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னர் 2017இல் தமிழ்நாடு சட்டப்பேரவை சட்டத்தைத் திருத்தியது; ஏழரை, மூன்றாகக் குறைந்தது. பத்து லட்சம் ரூபாய்க் கடனை வசூலிக்க வழக்குப் போடுகிறவர் முன்பு 75,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. இப்போது அது 30,000 ரூபாய்.

திருத்தம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் ஊர் வாயில் ஏழரைதான் நிற்கிறது. அதுவும் ஒரே இடத்தில், ஒரே ஆளிடம்தான் அது அழுத்தமாகச் சொல்லப்படுகிறது: பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு கேட்கும் பெண்ணிடம். “கோர்ட்டுக்குப் போனா மொத்தச் சொத்துக்கும் நூத்துக்கு ஏழரை முதல்லயே கட்டணும், உன்னால முடியுமா?” என்று பெரியப்பா கேட்கிறார், பஞ்சாயத்துப் பேச வந்தவர் கேட்கிறார், பத்திரம் எழுதுகிறவரும் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பயந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. சட்டத்தின் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் இதைச் சொல்லிக்கொண்டு திரிவது பொறுப்பற்ற செயல். அந்த ஒரே வாக்கியத்தில் மூன்று தவறுகள் இருக்கின்றன.

விகிதம் தவறு என்பது மேலே சொன்னதிலேயே தெளிவு. இரண்டாவது தவறு, ‘மொத்தச் சொத்துக்கும்’ என்பது. பாகப்பிரிவினை வழக்குக்கான விதி சட்டத்தின் 37ஆம் பிரிவில் இருக்கிறது. சதவீதக் கட்டணம் விழுகிற நிலையிலும் அது வாதி கேட்கும் பங்கின் சந்தை மதிப்புக்குத்தான், முழுச் சொத்தின் மதிப்புக்கு அல்ல. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என நான்கு வாரிசுகள். 80 லட்சம் ரூபாய் பெறும் ஒரு வீடு. தங்கையின் பங்கு 20 லட்சம். புரளிக் கணக்குப்படி அவர் 6,00,000 ரூபாய் கட்ட வேண்டும். சட்டப்படி, மிக மோசமான நிலையிலும் 60,000 ரூபாய்தான்.

அந்த 60,000 ரூபாயும் பெரும்பாலான குடும்பங்களில் கட்ட வேண்டியதில்லை. மூன்றாவது தவறு இங்கேதான் இருக்கிறது. மற்ற இரண்டையும்விடப் பெரியது. 37ஆம் பிரிவு இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்கிறது. கூட்டுச் சொத்தின் சுவாதீனத்திலிருந்து வாதி விலக்கப்பட்டிருந்தால் முதல் உட்பிரிவு: பங்கின் மதிப்புக்குச் சதவீதக் கட்டணம். வாதி கூட்டுச் சுவாதீனத்தில் இருந்தால் இரண்டாம் உட்பிரிவு: நிலையான கட்டணம் மட்டும். சொத்து கோடியைத் தொட்டாலும் இந்த இரண்டாவது கட்டணம் சதவீதமாக ஏறுவதில்லை.

“அவள் கல்யாணமாகி இருபது வருஷமாகப் புருஷன் ஊரில் இருக்கிறாள், எப்படிக் கூட்டுச் சுவாதீனம்?” என்பது உடனே வரும் எதிர்க்கேள்வி. இதற்கு உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் இதே 37ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு விடை சொல்லிவிட்டது. நீலாவதி எதிர் நடராஜன் என்ற அந்த வழக்கின் தீர்ப்பு 1980ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. பங்காளி ஒருவரின் சுவாதீனம் சட்டத்தின் கண்ணில் பங்காளிகள் எல்லோருடைய சுவாதீனமும் ஆகும். வாதி அந்த வீட்டில் குடியிருக்க வேண்டியதில்லை, நிலத்தில் விளைந்ததில் பங்கு வாங்கியிருக்க வேண்டியதும் இல்லை. விலக்கப்பட்டார் என்று பிராதிலேயே தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே முதல் உட்பிரிவு பொருந்தும். வருமானத்தில் பங்கு தரவில்லை என்று வாதி எழுதியிருப்பது மட்டும் விலக்கம் ஆகாது. சொத்தின் பெயரில் வரி கட்டுகிற அண்ணனும், பட்டாவில் தன் பெயர் ஏற்றிக்கொண்ட தம்பியும் அதனாலேயே தங்கையைச் சுவாதீனத்திலிருந்து நீக்கிவிடுவதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை அவசியம். பங்கே கிடையாது என்று அண்ணன் வெளிப்படையாக மறுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகும் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்தால், விலக்கப்பட்ட நிலை உண்மையாகவே உருவாகிவிடும். அப்போது சதவீதக் கட்டணம் மட்டுமல்ல, காலவரையறைச் சட்டமும் குறுக்கே வரும். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள்தான் கெடு. ஆக, கட்டணத்துக்குப் பயந்து காத்திருப்பதுதான் கட்டணத்தை ஏற்றுகிறது. 1989இல் தமிழ்நாடு தந்த சமப் பங்கு உரிமையும், 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தமும், தந்தை உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் சேர்ந்து கொடுத்ததை, ஒரு பொய்க் கணக்கு வாசலிலேயே தட்டிப் பறிக்கிறது.

கட்டணம் குறைவாகக் கட்டியிருக்கிறார் என்று பிரதிவாதி தரப்பு ஆட்சேபிக்கலாம்; அடிக்கடி ஆட்சேபிக்கவும் செய்கிறது. அதனால் வழக்கு அன்றே போய்விடும் என்பதும் வெறும் மிரட்டல். ஆட்சேபம் சரியென்று நீதிமன்றம் முடிவு செய்தாலும், மீதியைக் கட்ட முதலில் ஒரு தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதிக்குள்ளும் கட்டாவிட்டால்தான் பிராது நிராகரிக்கப்படும். உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, குறைந்த கட்டணத்தைப் பின்னால் கட்ட அனுமதிக்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது.

பாகப்பிரிவினை வழக்கில் உண்மையான செலவுகள் வேறு இடங்களில் இருக்கின்றன. சொத்தை அளந்து பிரிக்க நியமிக்கப்படும் ஆணையருக்குத் தரும் கட்டணம், இறுதித் தீர்ப்பாணையை எழுதும் முத்திரைத்தாளின் விலை, வழக்கறிஞர் கட்டணம் ஆகியவை அவை. விற்பனைப் பத்திரத்துக்கு உரிய 7 சதவீத முத்திரைத் தீர்வையையும் நீதிமன்றக் கட்டணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களும் உண்டு. ஒன்று பதிவு அலுவலகத்தில், மற்றது நீதிமன்றத்தில். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லை.

நிலையான கட்டணமும் கட்ட முடியாதவர் என்ன செய்வது? 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இலவச சட்ட உதவிக்கு உரியவர்களைப் பட்டியலிடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. பெண் என்பதே போதும். வருமானச் சான்றிதழ் கேட்டு அலைய வேண்டியதில்லை. வழக்கறிஞரை மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணத்தையும் சட்ட உதவியே ஏற்கும். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் வட்ட அளவில் அதன் குழுக்களும் இயங்குகின்றன. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். இதைத் தவிர, விசாரணைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளைப்படி வறியவராக வழக்குத் தொடுக்கும் வழியும் இருக்கிறது. நீதிமன்ற வட்டாரத்தில் இன்றும் ‘பாப்பர் ஓ.பி.’ என்றே சொல்கிறார்கள். கட்டணம் கட்டும் வசதி இருக்கிறதா என்று பார்க்கும்போது ஜப்திக்கு உட்படாத சொத்தையும், வழக்கில் உள்ள சொத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. வீட்டில் பங்கு கேட்கிறாயே, அந்த வீட்டை வைத்திருக்கிற நீ எப்படி ஏழை என்று கேட்க முடியாது. ஆனால் இது கட்டணத்தை முழுதாகத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு அல்ல. வழக்கு முடிந்ததும் தீர்ப்புக்கு ஏற்ப அரசு அதை வசூலித்துக்கொள்ளும்.

கட்டிய பணம் கட்டியதுதான், சமரசமாகப் போனாலும் திரும்பாது என்பது அடுத்த கட்டுக்கதை. மக்கள் நீதிமன்றத்தில் தீர்ந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது பலருக்கும் தெரியும். தமிழ்நாட்டுச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நீதிமன்றம் அனுப்பிய சமரசத்தில் முடிந்த வழக்குகளுக்கும் அதைத் தருகிறது. தரப்பினர் நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களே பேசி முடித்துக்கொண்டால்? அவர்களுக்கும் கட்டணம் திரும்ப வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அதே உயர் நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவே அந்தத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில், எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை. நீதிமன்றத்தின் சுமையைத் தாங்களாகவே குறைத்தவர்களைத் தண்டிப்பது நியாயமில்லை என்பதே அதன் போக்கு. சதவீதக் கட்டணம் கட்டிய கடன் வழக்குகளில் இது சிறிய தொகை அல்ல. சமரச மனுவோடு கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் வேண்டுகோளையும் சேர்க்க மறந்துவிடக் கூடாது.

இந்தப் புரளிகள் எல்லாம் வளர்வதற்கு ஒரே காரணம்தான்: கட்சிக்காரர் கண்ணில் கட்டண அட்டவணை படுவதே இல்லை. வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், டைப்பிங், ஜெராக்ஸ், குமாஸ்தா செலவு எல்லாம் ஒரே தொகையாகக் கைமாறுகின்றன. எது அரசுக்குப் போனது, எது ஆளுக்குப் போனது என்று கட்சிக்காரருக்குத் தெரிவதில்லை. எந்தப் பிரிவின்படி, எந்த மதிப்புக்கு, எவ்வளவு கட்டணம் என்பது ஒவ்வொரு பிராதிலும் மதிப்பீட்டுப் பத்தியில் எழுதப்பட்டே ஆக வேண்டும். பிராதில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டச் சொல்வதற்குத் தயங்க எதுவுமில்லை. கட்டண ரசீதின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு முன்சீப் கோர்ட் வாசலிலும் 37ஆம் பிரிவின் இரண்டு உட்பிரிவுகளும் அவற்றின் கட்டணமும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு பலகை வைக்க அரசுக்கு ஆகும் செலவு அற்பம். அதை இதுவரை கட்டாயமாக்காதது பெருங்குறை. பலகையைப் படித்த பெண்ணிடம் ‘மொத்தச் சொத்துக்கும் ஏழரை’ என்று யாரும் சொல்ல முடியாது.

அண்டை மாநிலச் செய்திகளும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. கேரளம் 2024இலும் 2025இலும் நீதிமன்றக் கட்டணங்கள் பலவற்றை உயர்த்தியது. அது தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. உச்ச நீதிமன்றம் தவிர்த்த நீதிமன்றங்களின் கட்டணம் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருப்பதால், அந்தந்த மாநிலத்துக்கு அந்தந்தச் சட்டம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஜெயித்தவருக்கு எல்லாச் செலவும் கிடைத்துவிடும் என்பது உண்மையல்ல. தோற்றவர் செலவுத் தொகை தர வேண்டும் என்பதே உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின் பொது நெறி. அதை மறுத்தால் நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். ஆனாலும் ‘அவரவர் செலவு அவரவருக்கு’ என்று முடியும் தீர்ப்புகள் ஏராளம். கிடைக்கும் இடத்திலும் வழக்கறிஞர் கட்டணம் விதிப்படிக் கணக்கிடப்படுகிறது, உண்மையில் கொடுத்த தொகைப்படி அல்ல. பொய் வழக்குக்கு 35ஏ பிரிவில் விதிக்கக்கூடிய ஈட்டுத் தொகையின் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976இல் வைத்த வரம்பு அது, வெட்கக்கேடான தொகை. வணிக வழக்குகளுக்கு மட்டும் 2015ஆம் ஆண்டின் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது.

நுகர்வோர் வழக்கில் சதவீதக் கட்டணம் கிடையாது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், அதற்கு மேல் 20 லட்சம் வரை 400 ரூபாய். கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்து இது கணக்கிடப்படுவதில்லை.

சொந்த விஷயமாக வழக்கறிஞரை அமர்த்தும் தனிநபர் அவருடைய கட்டணத்துக்கு ஜிஎஸ்டி செலுத்த வேண்டியதில்லை. வரம்புக்கு மேல் வரவு உள்ள வணிக நிறுவனம் அந்த வரியை நேரடியாக அரசுக்குச் செலுத்துகிறது.

விபத்து இழப்பீட்டில் இத்தனை சதவீதம் வக்கீலுக்கு என்ற ஒப்பந்தம் செல்லாது. இந்திய வழக்கறிஞர் பேரவையின் விதிகள் அதைத் தடுக்கின்றன; 2017இல் சுனிதா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைப் பொதுக் கொள்கைக்கு விரோதம் என்றது. கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையும் வழக்கறிஞருக்கு இல்லை. இது 2000ஆம் ஆண்டிலேயே தீர்ந்த விஷயம்.

வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்குப் பல ஆயிரம் கட்ட வேண்டும் என்பதும் மாறிவிட்டது. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் குறிப்பிட்ட தொகைக்கு மேல் மாநில வழக்கறிஞர் பேரவைகள் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அந்தத் தீர்ப்பு அன்றிலிருந்துதான் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முன் கூடுதலாகக் கட்டியவர்கள் அதைத் திரும்பக் கேட்க முடியாது.