முடக்குவாதமும் மூட்டின் நிழற்படமும்

பனியன் தொழிலால் உலகறிந்த திருப்பூரில் உழைப்பு என்பது பெரிதும் விரல்களின் உழைப்பே ஆகும். பவர்டேபிளில் அமர்ந்து ஓவர்லாக் தைப்போர், அருகிருந்து கைமடி வேலை செய்வோர், பிசிறு வெட்டுவோர், செக்கிங் மேசையில் துணியைப் புரட்டிப் பிழை காண்போர் ஆகிய அனைவர்க்கும் முதல் பத்து விரல்களே. அவ்விரல்களையே முதற்கண் பற்றும் நோய் முடக்குவாதம். அதனைக் காணவும் அளவிடவும் படக்கருவிகள் எங்ஙனம் துணைசெய்கின்றன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாசிரியர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். இந்நோயைப் பொறுத்தவரை இடர்ப்பாடு சொல்லிலேயே தொடங்குவதால் வேலை உண்டு.

'கீல்' என்னும் சொல் கதவின் கீலையும் உடலின் மூட்டையும் ஒருங்கே குறிக்கும். சித்த மருத்துவம் மூட்டு நோய்களைக் 'கீல்வாயு' எனக் கொண்டு, முடக்குவாதத்தை ஒத்த வகையை 'வளி அழல் கீல்வாயு' என்கிறது. வளியோடு வெம்மையும் சேர்ந்தது என்பது அப்பெயரிலேயே விளங்கும். மக்கள் வழக்கிலோ முழங்கால் தேய்வும், சிக்குன்குனியாவிற்குப் பின்வந்த வலியும், வேலை அலுப்பும் 'வாதம்' என்ற ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. தேய்வு, வயதாலும் பளுவாலும் வருவது. முடக்குவாதமோ உடலின் காப்பாற்றல் தடம்மாறித் தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குவதால் வருவது. இரண்டிற்கும் மருத்துவம் வேறு. முடக்கறுத்தான் கீரை பெயரளவில் முடக்கை அறுப்பது, தோசைக்கு நன்று, ஆயினும் அதனை நம்பி மருத்துவரிடம் செல்லாதிருத்தல் தகாது.

தில்லியை அடுத்த சிற்றூர்களில் மாளவியா குழுவினர் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட முடிவின்படி, வயதுவந்தோருள் 0.75 விழுக்காட்டினர்க்கு இந்நோய் உண்டு. ஆடவரினும் மகளிர்க்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. காலையில் விரல்கள் மரக்கட்டைபோல் இறுகி ஒருமணி நேரமாகியும் நெகிழாமை, இரு கைகளிலும் விரலடி மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்குதல் ஆகியன பல வாரங்கள் நீடிப்பின், 'ஒன்றரை ஷிப்ட் பார்த்த அலுப்பு' என்று ஒதுக்கலாகாது.

1895 டிசம்பர் 22 அன்று ராண்ட்ஜன் தம் மனைவியின் கையை ஊடுகதிரால் படமெடுத்தார். மனித உடலைக் காட்டிய முதற் படங்களுள் புகழ்பெற்ற அது, மோதிரம் அணிந்த ஒரு கையின் படமாக அமைந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. தமிழகத்திலும் இக்கலைக்கு நெடிய மரபுண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பெற்றது 1934-இல் ஆகும்.

ஊடுகதிர்ப் படத்தில் முடக்குவாதம் மூன்று தடயங்களை விட்டுச் செல்லும். மூட்டையொட்டிய எலும்பு வெளிறித் தோன்றும். மூட்டின் இடைவெளி குறுகும். எலும்பின் விளிம்பு கரையானால் அரிக்கப்பட்ட சட்டம்போல் குழிபடும். இதனை மருத்துவர் 'அரிப்பு' என, நோயாளர் தோல் நமைச்சல் என்று கொண்டு விழிப்பதுண்டு. 'எலும்பரிப்பு' என்று முழுமையாகச் சொல்லுதல் நலம். கைப்படத்தோடு பாதப்படமும் எடுப்பது ஏன் என்று பலர் ஐயுறுவர். கையில் தோன்றுமுன்னரே சிறுவிரலடி எலும்பில் அரிப்புத் தோன்றுதல் உண்டு என்பதே காரணம்.

இங்கேதான் முதன்மையான செய்தி உள்ளது. இம்மூன்று தடயங்களும் நோய் தோன்றிய பல மாதங்களுக்குப் பின்னரே படத்தில் தெரிவன. அரித்த எலும்பு பழைய நிலைக்கு மீளுதல் அரிது. ஆகவே 'எக்ஸ்ரே நார்மல்' என்னும் சொற்றொடர் நோய் இல்லை என்று பொருள்படாது. எலும்பு இன்னும் கெடவில்லை என்று மட்டுமே பொருள்படும். அஃது மகிழ்ந்து வீடு திரும்புவதற்குரிய செய்தி அன்று. மருத்துவத்தைத் தொடங்குதற்கு ஏற்ற காலம் கைநழுவவில்லை என்னும் செய்தியாகும். 1987-ஆம் ஆண்டின் அமெரிக்க வரையறையில் ஊடுகதிர் மாற்றம் ஏழு அடையாளங்களுள் ஒன்றாக இருந்தது. 2010-ஆம் ஆண்டின் வரையறையோ அதனைப் புள்ளிப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. எலும்பு கெடுமுன் நோயைப் பிடித்தல் வேண்டும் என்பதே கருத்து.

ஊடுகதிர் காட்டாததை மீயொலி ஸ்கேன் காட்டும். தடித்த சவ்வையும், டாப்ளர் முறையால் அச்சவ்வில் மிகுந்து பாயும் குருதியையும் அதில் காணலாம், கதிர்வீச்சும் இல்லை. எம்.ஆர்.ஐ. இன்னும் ஆழ்ந்து, எலும்பின் உட்பகுதியில் ஊறும் நீர்மையைக் காட்டும். பின்னாளில் அரிப்பு வரவிருக்கும் இடத்திற்கு அதுவே முன்னறிகுறி. ஆயினும் செலவு மிகுதி. வாரக்கூலி பெறுவோரிடம் மாதந்தோறும் ஸ்கேன் எடுக்கச் சொல்வது நேரிதன்று என்பதே என் கருத்து. நார்வே, ஸ்காட்லாந்து நாடுகளில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வுகள், மூட்டுகளைக் கையால் தொட்டு எண்ணி மருந்தைக் கூட்டிக் குறைத்தலினும், ஸ்கேன் பார்த்துச் செய்தல் குறிப்பிடத்தக்க மிகுபயன் தரவில்லை எனக் காட்டின. ஐயம் தீராதவிடத்து ஸ்கேன் வேண்டும், வழக்கமாக அன்று. பணம் மருந்திற்கும் இரத்தச் சோதனைக்கும் மிஞ்சுதல் வேண்டும்.

அம்மருந்துகளுள் தலையாயது மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1923-இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமை தாங்கிய ஆய்வகத்திலிருந்து வந்தது அது. புற்றுநோய்க்கென உருவான அதனை முடக்குவாதத்திற்கும் தரலாம் என அமெரிக்க அரசு இசைவளித்தது 1988-இல். வாரம் ஒருமுறை மட்டும் உண்ணவேண்டிய அம்மாத்திரையை நாள்தோறும் உண்ணின் உயிர்க்கே இடர் நேரும். கருவுற்ற மகளிர்க்கும் கருத்தரிக்க எண்ணுவோர்க்கும் அது ஆகாது. திருமணமாகும் வயதிலுள்ள பெண்கள் இதனை மருத்துவரிடம் முன்னரே கூறுதல் கடமை.

இரண்டு படங்கள் மூட்டு விரல்களோடு தொடர்பற்றனபோல் தோன்றினும் தவிர்க்கலாகாதன. உயிரியல் ஊசிமருந்துகள் தொடங்குமுன் எடுக்கும் மார்புப்படம் ஒன்று; உள்ளுறையும் காசநோயை அம்மருந்துகள் எழுப்பிவிடக்கூடும். நெடுநாள் நோயாளர்க்கு அறுவை செய்யுமுன் எடுக்கும் கழுத்துப்படம் மற்றொன்று. கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருப்பின், மயக்கமருந்து தருவோர் அதனை முன்னறிதல் வேண்டும்.

திருப்பூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. எங்குச் சென்றாலும் பழைய படங்களை நாள் குறித்துக் கையோடு கொண்டுசெல்லுதல் வேண்டும். சென்ற ஆண்டின் படத்தை அருகில் வைத்து நோக்கினாலன்றி, இவ்வாண்டின் குழி புதியதா பழையதா என எம்மருத்துவராலும் சொல்ல இயலாது.