இங்கிலீஷ் வந்தால் உலகப் பார்வை வந்துவிடுமா?

"நம்ம பசங்களுக்குத் திறமை இருக்கு சார், இங்கிலீஷ்தான் வரல. அது மட்டும் சரளமா வந்துட்டா எந்த நாட்டுக் கம்பெனியிலயும் வேலை பாக்கலாம்." பொறியியல் கல்லூரிச் சேர்க்கை மாதங்களில் இதைக் கேட்காத நாளில்லை. பெற்றோர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். ஆசிரியர்களே சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. உலகப் பார்வை என்ற பெயரில் முதலாண்டுப் பிள்ளைகளை உச்சரிப்பு வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, வரைபட வகுப்பின் நேரத்தைப் பிடுங்குகிறோம்.

லாஃபன்பர்க்கில் நடந்ததைக் கேளுங்கள். ரைன் ஆற்றின் இரு கரையிலும் அதே பெயரில் இரண்டு ஊர்கள். ஒன்று ஜெர்மனியில், மற்றது சுவிட்சர்லாந்தில். இரண்டிலும் பேசுவது ஜெர்மன். நடுவே பாலம் கட்டினார்கள். ஜெர்மனி உயரத்தை ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டத்தை வைத்துக் கணக்கிடுகிறது. சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலின் மட்டத்தை வைத்து. இரண்டுக்கும் வித்தியாசம் 27 செ.மீ. அது பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது, கணக்கிலும் சேர்த்தார்கள். ஆனால் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இடம் மாறிப்போயின. 2003-இல் பார்த்தால் இரு பக்கத்துக்கும் 54 செ.மீ. ஏற்றத்தாழ்வு!

இங்கே மொழியா தடையாக இருந்தது? இருவருக்கும் ஒரே மொழி, கூப்பிடு தூரம். 1999-இல் நாசாவின் செவ்வாய்க் கலம் அழிந்ததும் இப்படித்தான். ஒரு குழு பவுண்டுக் கணக்கில் கொடுத்த எண்ணை மறு குழு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு குழுவும் அமெரிக்காவில்தான் இருந்தன, பேசியது ஆங்கிலம்தான். "உங்கள் அளவு எங்கே தொடங்குகிறது, எந்த அலகில்?" என்று கேட்கும் பழக்கம்தான் பொறியாளரின் உலகப் பார்வை. அதை எந்த மொழியிலும் கேட்கலாம்.

வெளிநாடு போனால்தான் அந்தப் பார்வை வரும் என்பது அடுத்த கட்டுக்கதை. சென்னை அருகே ஒரகடத்தில் 2010-இல் திறந்த ஆலையில் ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து கார் செய்யத் தொடங்கினார்கள். இப்படிப் பல நாட்டார் சேரும் இடத்தில் வரைபட முறையே வேறுபடும். நாம் கல்லூரியில் படிப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்ற வீழல் முறை. ஐரோப்பாவின் வழக்கமும் அதுவே. ஜப்பானும் கொரியாவும் அமெரிக்காவும் வரைவது தேர்ட் ஆங்கிள். ஒரு பொருளை இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை நாம் வலப்புறம் வரைவோம், அவர்கள் இடப்புறமே வரைவார்கள். எந்த முறை என்பதைத் தாளின் மூலையிலுள்ள சின்னக் கூம்புக் குறி சொல்லிவிடும். அதைக் கவனிக்காமல் டிரில் போட்டால் துளை எதிர்ப்பக்கத்தில் விழும். செய்த உருப்படி குப்பைக்குத்தான் போகும். இறுதியாண்டு மாணவர்களிடம் அந்தக் குறியைக் காட்டிக் கேட்கிறேன், பாதிப் பேர் விழிக்கிறார்கள்.

மென்பொருள்காரருக்கு இதெல்லாம் வேண்டாம் என்பதும் தவறு. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. குடும்பப் பெயர் கட்டாயம் என்று அடம்பிடிக்கும் படிவத்தில் அப்பா பெயரைப் போட்டு அவதிப்பட்ட தமிழ் மாணவர், தான் எழுதும் நிரலில் அதே தவறைச் செய்யலாமா? ஊரை மறந்தால்தான் உலகம் புரியும் என்பவர்களுக்கும் அந்த அவதியே பதில்: ஊரில் பட்டதுதான் உலகத்தைப் புரியவைக்கிறது.

இப்படிப்பட்ட அளவுகளையும் குறிகளையும் வகுக்கும் தர ஆவணங்களைப் படிக்கச் சொல்லி நான் ஓயாமல் நச்சரிப்பது இதனால்தான். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இந்தியத் தர ஆவணங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. பள்ளி, கல்லூரி வரைபடத்துக்கென்றே எஸ்.பி. 46 என்ற தொகுப்பு இருக்கிறது. மாணவர்களே, உச்சரிப்பு வகுப்புக்குப் பணம் கட்டுமுன் அதை எடுத்து, வீழல் முறைகள் பற்றிய பகுதியைப் படியுங்கள். பிறகு ஒரே உருப்படியை இரண்டு முறையிலும் கையால் வரைந்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.