பேருந்து வராத நாளுக்கு என்ன எண் போடுவது?

‘ஸ்மார்ட் போக்குவரத்து’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, இதைப் பற்றி என்ன தெரியும் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். ஓட்டுநர் இல்லாத கார், பறக்கும் டாக்ஸி, புல்லட் ரயில் என்று பதில்கள் வந்தன. எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸை யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தின் போக்குவரத்தைத் தொழில்நுட்பத்தின் துணையோடு திட்டமிடுபவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நிறுத்தங்கள் எங்கே இருக்கின்றன? வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும்? உண்மையில் எத்தனை மணிக்கு வந்தது? இந்த மூன்று கேள்விகளும் நம் கணிதப் புத்தகத்தில் தகவல் செயலாக்கமாகவும் புள்ளியியலாகவும் ஏற்கெனவே இருக்கின்றன. பாடநூல் அட்டவணைக்குப் பதிலாக எங்கள் பள்ளி நிறுத்தத்துக்கு வரும் மாலைப் பேருந்தை எடுத்துக்கொண்டு ஆறு பாடவேளைகள் நடத்தினேன். சமூக அறிவியல் ஆசிரியரும் இரண்டு வேளைகள் கைகொடுத்தார்.

முதலில் ஆசிரியருக்குத் தேவையான பின்புலம். கைப்பேசியில் ஓர் ஊரின் பேருந்து நேரத்தைத் தேடினால் பதில் வருகிறதே, அதன் பின்னால் பெரும்பாலும் ஜி.டி.எஃப்.எஸ். என்னும் தரவு அமைப்பு இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமான டிரைமெட்டும் கூகுளும் சேர்ந்து உருவாக்கியது. பெயர்தான் மிரட்டுகிறது, உள்ளே இருப்பவை வெறும் அட்டவணைகள். ஓர் அட்டவணையில் நிறுத்தங்களின் பெயரும் அட்சரேகை, தீர்க்கரேகையும். இன்னொன்றில் வழித்தடங்கள். வேறொன்றில் எந்த நடை எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்ற விவரம். காற்புள்ளியிட்டுப் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்புகள், அவ்வளவுதான். கோடு போட்ட நோட்டிலேயே இதை எழுதிவிடலாம்.

இதில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது நள்ளிரவு விஷயம். இரவு 11.40-க்குக் கிளம்பும் வண்டி 12.10-க்குப் போய்ச் சேர்ந்தால் அதை 00:10 என்று எழுதக் கூடாது, 24:10 என்று எழுத வேண்டும். “ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தானே டீச்சர்?” என்று ஒருவன் எழுந்துவிட்டான். 00:10 என்று எழுதினால், கிளம்புவதற்கு முன்பே வண்டி போய்ச் சேர்ந்ததாகக் கணினி எடுத்துக்கொள்ளும் என்பதை அவர்களே கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

நேர அட்டவணை ஒரு பக்கம் என்றால், ஓடும் வண்டியின் இருப்பிடம் இன்னொரு பக்கம். பேருந்தில் உள்ள ஜி.பி.எஸ். கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. அதைக் கைப்பேசி வலையமைப்பு வழியாக மையத்துக்கு அனுப்புகிறது. மீதமுள்ள தொலைவையும் வேகத்தையும் வைத்து வரும் நேரத்தை மென்பொருள் மதிப்பிடுகிறது. சென்னை மாநகரப் பேருந்துகளுக்கு இப்படிப் பார்க்கும் செயலி 2022-இல் வந்தது. அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அப்படியானால் தசமப் புள்ளிக்குப் பின் நான்காம் இடத்தில் ஒன்று மாறினால் எத்தனை மீட்டர் நகர்கிறோம்? சுமார் 11 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு பேருந்தின் நீளம். தசம எண்களுக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

நாங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது நைரோபி. கென்யாவின் தலைநகரான அங்கே மக்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது ‘மட்டாட்டு’ எனப்படும் தனியார் சிற்றுந்துகளை. நம் ஷேர் ஆட்டோவைப் போலப் பழக்கத்தில் ஓடுபவை. எது எங்கே போகும் என்பது ஏறுபவர்களுக்குத் தெரியும். முழு வரைபடமாக யாரிடமும் இல்லை. 2012 வாக்கில் நைரோபிப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி., கொலம்பியா பல்கலைக்கழகம் முதலியவையும் இணைந்து ‘டிஜிட்டல் மட்டாட்டுஸ்’ என்ற பணியைத் தொடங்கின. மாணவர்கள் கைப்பேசியோடு வண்டிகளில் ஏறி, ஒவ்வொரு நிறுத்தத்தையும் பதிவு செய்தார்கள். 130-க்கும் மேற்பட்ட வழித்தடங்கள் ஜி.டி.எஃப்.எஸ். வடிவத்துக்கு வந்தன. 2014-இல் வெளியான வரைபடத்தை நகர நிர்வாகமே தன் அதிகாரபூர்வ வரைபடமாக ஏற்றுக்கொண்டது. எனக்கு இதில் முக்கியமாகப்படுவது, புதிதாக ஒரு வண்டியும் வாங்காமல் இது நடந்தது என்பதுதான்.

எங்கள் நிறுத்தப் பட்டியலை எழுதத் தொடங்கியதுமே தகராறு வந்தது. பள்ளிக்கும் கடைவீதிக்கும் நடுவே ஆலமரத்தடியில் வண்டி நிற்கும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஏறும் இடம். பெயர்ப்பலகை கிடையாது, நடத்துநர் டிக்கெட் கொடுக்கும் கருவியிலும் அது தனி நிறுத்தமாக இல்லை. சேர்ப்பதா வேண்டாமா என்று அரைப் பாடவேளை விவாதம். “எங்கம்மா தினமும் அங்கதான் ஏறுது, அது எப்படி ஸ்டாப் இல்லாமப் போகும்?” என்று ஒரு மாணவி கேட்ட பிறகு சேர்த்தோம். பட்டியலில் இல்லாத நிறுத்தத்தில் ஏறுபவர்கள் திட்டமிடுபவரின் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, 4.40 பேருந்து. பத்துப் பள்ளி நாள்கள், தினமும் இருவர், பள்ளிக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார்கள். ஒன்பது நாள்கள் வண்டி தாமதமான நிமிடங்கள் இவை: 5, 8, 6, 35, 7, 4, 9, 6, 10. ஒரு நாள் வண்டி வரவே இல்லை.

ஒன்பது நாள்களின் கூட்டுத்தொகை 90. சராசரி 10 நிமிடம். ஏறுவரிசையில் அடுக்கினால் இடைநிலை 7. அந்த ஒற்றை 35 சராசரியை எப்படி இழுக்கிறது என்பது பலகையிலேயே தெரிந்தது. இதுவரை வழக்கமான பாடம். பத்தாவது நாளுக்கு என்ன எண் போடுவது என்று கேட்டபோதுதான் வகுப்பு சூடானது.

பூச்சியம் போடலாம் என்றார்கள் சிலர். போட்டுப் பார்த்தோம். பத்து நாள் சராசரி 9 ஆகக் குறைந்தது. வண்டி வராததால் சேவை மேம்பட்டதாகக் கணக்கு சொல்கிறது! வகுப்பே சிரித்தது. அந்த நாளை விட்டுவிடலாம் என்றனர் வேறு சிலர். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, “அன்னிக்கு ஏழு அஞ்சு பஸ்லதான் வீட்டுக்குப் போனோம் டீச்சர், அதைப் போடுங்க” என்றாள். 4.40-இலிருந்து 7.05 வரை 145 நிமிடம். சேர்த்ததும் கூட்டுத்தொகை 235, சராசரி 23.5. இடைநிலையோ 7-இலிருந்து 7.5-க்குத்தான் நகர்ந்தது. எது சரியான அளவை என்று கேட்டால், என் பதில்: கேள்வியைப் பொறுத்தது. வழக்கமான நாளில் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதற்கு இடைநிலை போதும். ஒரு பெண் பிள்ளையை அந்தப் பேருந்தை நம்பிப் பள்ளியில் நிறுத்திவைக்கலாமா என்பதற்கு இரண்டுமே போதாது. அந்த 145-ஐத் தனியாகக் காட்ட வேண்டும்.

இது வெறும் வகுப்பு விவாதமும் அல்ல. என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கான மாலைச் சிறப்பு வகுப்பிலிருந்து இரண்டு குக்கிராமங்களைச் சேர்ந்த ஐந்து மாணவிகள் விலகியிருந்தார்கள். தேர்ச்சி பெற்றுத் தெரிவானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் உதவித்தொகை அது. ஆர்வமில்லை என்றுதான் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். வகுப்பு முடிந்தால் 4.40 போய்விடும், அடுத்தது 7.05 என்பது அட்டவணையைப் பக்கத்தில் வைத்த பிறகே புலப்பட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களே அட்டவணையை வாசித்தார்கள். குழுவின் பெயரில் பணிமனைக்கு மனு போயிற்று. 4.40-ஐ 5.30-க்கு மாற்ற முடியுமா என்பதே கோரிக்கை. இதற்கிடையில் ஓட்டுநர் ஒருவர் மாணவர்களிடம் ஒரு விளக்கம் கொடுத்தார்: அதே வண்டிதான் மதியம் அரசு மருத்துவமனை நடைக்கும் போகிறது, அங்கே தாமதமானால் அடுத்தடுத்த நடைகள் எல்லாம் தள்ளிப்போகும். ஆக 5.30-க்கு மாற்றினால், அந்த வண்டியையே நம்பியிருக்கும் வேறு ஊரின் நடை பாதிக்கப்படலாம். மாணவர்கள் இதையும் பலகையில் வரைந்து பார்த்தார்கள். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் கோரிக்கையில் கொஞ்சம் தயக்கம் வந்தது. மனுவுக்கு இன்னும் முடிவு வரவில்லை. எங்கள் கையில் இருந்ததை நாங்கள் மாற்றினோம். காலை முதல் பேருந்து 8.05-க்கு வந்துவிடுகிறது, சிறப்பு வகுப்பு இப்போது 8.15-க்கு நடக்கிறது. ஐவரில் நால்வர் வருகிறார்கள். ஐந்தாவது மாணவி காலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பேருந்தால் தீராத சிக்கல், அவள் வீட்டுக்குப் போய்ப் பேசி வருகிறோம்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நேரம் குறிக்க மாணவர்களைத் தனியே அனுப்ப வேண்டாம். பள்ளி வாசலிலிருந்தே பார்க்கக்கூடிய நிறுத்தம் போதும். கைப்பேசி ஆசிரியருடையது ஒன்று இருந்தால் போதும், அதுவும் நிறுத்தத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பார்க்க மட்டுமே. மாணவர்களின் வீடு எங்கே என்பதை எந்த வரைபடத்திலும் குறிக்கக் கூடாது. ‘வரவில்லை’ என்பதற்கு அட்டவணையில் முதல் நாளே தனி நிரல் போட்டுவிடுங்கள், அதன் பக்கத்தில் ‘அடுத்து எதில் போனீர்கள்’ என்று இன்னொன்றும். பத்து நாள் குறைந்தபட்சம். சந்தை நாளும் மழை நாளும் அதற்குள் வந்தால் நல்லது. ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குச் சராசரியோடு நிறுத்திக்கொண்டு பட்டை வரைபடம் வரையச் சொல்லலாம். எங்கள் ஏழாம் வகுப்பு அடுத்த மாதம் காலை 8.05-ஐக் குறிக்கப் போகிறது.