வலைப்பின்னல் மேலாண்மை நெறிமுறை: ஓர் அறிமுகம்

நாமக்கல், இராசிபுரம், சங்ககிரி வட்ட அலுவலகங்களில் மாணவர்கள் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வேண்டிக் காத்திருப்பதை நாம் அறிவோம். வட்ட அலுவலகங்களை மாவட்டத் தலைநகரோடும் சென்னையோடும் இணைப்பது, எல்காட் நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள தமிழ்நாடு மாநிலப் பெரும்பரப்பு வலைப்பின்னல் ஆகும். இத்தகைய மாநில வலைப்பின்னல்களுக்கு நடுவணரசு 2005ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. தரவு செல்லும் வழியைத் தெரிந்து அனுப்பும் திசைவி ஒன்று பழுதுபட்டால் ஒரு வட்டத்தின் பணியே நின்றுபோகும். நெடுந்தொலைவில் இருப்போர் அப்பழுதை எவ்வாறு அறிவது?

இதற்கென உலகெங்கும் பரவலாக வழங்குவது எஸ்.என்.எம்.பி. எனப்படும் எளிய வலைப்பின்னல் மேலாண்மை நெறிமுறை. 1988இல் வெளியாகி 1990இல் செப்பம் பெற்றது. கண்காணிப்பு நிலையத்தில் இருப்பது மேலாளர்; ஒவ்வொரு கருவியினுள்ளும் குடியிருப்பது முகவர். இருவரும் மென்பொருள்களே. மேலாளர் குறித்த இடைவெளியில் வினவ, முகவர் விடையிறுப்பார். ஒவ்வொரு செய்திக்கும் மரக்கிளைபோற் பிரிந்து செல்லும் எண்முகவரி உண்டு. 1.3.6.1.2.1.1.3 என்பது முகவர் இயங்கத் தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைச் சுட்டும். நொடியின் நூற்றிலொரு கூறாக எண்ணப்படும் இக்கணக்கு, ஏறத்தாழ 497 நாள்களில் நிரம்பி மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். இதனை அறியாதார், கருவி நின்று எழுந்ததென மயங்குவர்.

ஆணையிடுதலும் உண்டு. மேலாளர் ஒரு மதிப்பை மாற்றி எழுதினால் கருவியின் இணைப்பு வாயில் ஒன்று மூடும், அல்லது திறக்கும்.

வினவாதபோதும் முகவர் தாமே எழுப்பும் அவசரச் செய்தியை ஆங்கிலத்தில் ‘ட்ராப்’ என்பர். அதனைப் ‘பொறி’ எனலாம். விலங்கைப் பிடிக்கும் கருவி, இயந்திரம், தீத்துளி, ஐம்புலன்களுக்கு வாயிலாகும் உறுப்பு ஆகிய பொருள்களை ஒருசேரத் தாங்கும் சொல் அது. மூலச்சொல்லினும் இதுவே பொருத்தமுடையது என்பது என் துணிபு. மெய்யும் கண்ணும் செவியும் நாம் வினவாமலே உணர்த்துவன அல்லவா?

ஆயினும் இப்பொறிக்கு ஒரு குறை உண்டு. உரிய இடம் சேர்ந்ததா என்னும் ஒப்புகை பெறாமலே அது செல்கிறது. வழியில் தொலைந்தால் அனுப்பிய முகவருக்கும் தெரியாது. 1993இல் வந்த இரண்டாம் பதிப்பு, ஒப்புகை கோரும் அறிவிப்பை வகுத்தது. அதுவும் போதாது. மின்சாரம் அறவே நின்ற கருவி பெரும்பாலும் எதனையும் அனுப்புவதில்லை. ஆதலின் வினவுதலைக் கைவிடலாகாது. விடை வாராமையே அங்குச் செய்தி.

அச்சம் தருவது மற்றொன்று. முதற்பதிப்பில் மேலாளரை அடையாளங்காட்டியது ‘கம்யூனிட்டி’ எனப்படும் ஒரு சொல்லே. அச்சொல் மறைப்பின்றிச் சென்றது. படிக்கப் ‘பப்ளிக்’, மாற்றி எழுதப் ‘பிரைவேட்’ என்னும் சொற்களோடே பல கருவிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றை மாற்றாது விட்டால், வலைப்பின்னலுள் நுழைந்த எவரும் வாயிலை மூடிவிடக்கூடும். 2002இல் நிலைபெற்ற மூன்றாம் பதிப்பு, பயனர் பெயர், கடவுச்சொல், மறையாக்கம் ஆகியவற்றைச் சேர்த்தது. கல்லூரி ஆய்வகத்திற்குத் திசைவி வாங்குவோர் அதில் மூன்றாம் பதிப்பு இயங்குமா என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். பழைய கருவியாயின் அவ்விரு சொற்களையும் அன்றே மாற்றிவிடுதல் வேண்டும்.