அடுத்தவர் கணினியில் உன் லினக்ஸ்

கண்ணு, உனக்கென்று ஒரு லேப்டாப் வர இன்னும் நாளாகும். அதுவரை கல்லூரி லேப், சித்தப்பா வீட்டுப் பழைய கம்ப்யூட்டர், ராபர்ட்சன்பேட்டை பிரவுசிங் சென்டர் என்று மாறி மாறித்தான் உட்காரப் போகிறாய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடியபின் நம் வட்டாரத்தில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் கணினி இன்னொருவருடையதாகத்தான் இருந்தது. மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பி பங்காருப்பேட்டை வழியாகத் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற கூட்டத்தில் அவர்களும் இருக்கிறார்கள். பூதிகோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பென் டிரைவில் லினக்ஸ் போட்டுப் பழகியவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைப் பார்த்துப் பார்த்து நான் தெரிந்துகொண்டதை உனக்குச் சொல்கிறேன்.

1. எது மாறாது, எது மாறும் என்பதை முதலில் புரிந்துகொள். 2000-ல் ஜெர்மனியின் கிளாவுஸ் க்னாப்பர் க்னாப்பிக்ஸை வெளியிட்டபோது ஒரு முழு லினக்ஸ் சுருங்கி ஒரே சீடிக்குள் அடங்கியது. பெரும்பாலான கணினிகளில் போட்டால் ஓடும். ஆனால் சீடியில் எழுத முடியாது, அணைத்தால் நீ செய்த மாற்றமெல்லாம் போய்விடும். பென் டிரைவில் எழுத முடியும் என்பதால், அணைத்தாலும் மாற்றங்களைக் காக்கும் சேமிப்பு வசதி அதில் உண்டு. அடியில் சுருக்கி வைத்த மூல அமைப்பு அப்படியே இருக்கும், யாரும் அதைத் தொடுவதில்லை. நீ மாற்றுவதெல்லாம் அதன்மேல் விரித்த தனி அடுக்கில் சேரும். என் அப்பா சுரங்கத்து சர்வே ஆபீசில் இருந்தார். மூல வரைபடத்தில் பேனா படவே கூடாது, மேலே ட்ரேசிங் தாளை விரித்து அதில்தான் புதிய கோடுகளை வரைய வேண்டும் என்பார். உன் பென் டிரைவுக்குள் நடப்பதும் அதுதான். இதைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். மூலத்தில் இருக்கும் ஒரு மென்பொருளை நீ நீக்கினால் இடம் மிச்சமாகாது. அது மறைக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் மேலடுக்கில் விழும், கோப்பு அடியில் அப்படியே கிடக்கும். "இவ்வளவு நீக்கியும் இடம் வரவில்லையே" என்று அழாத குறையாக வந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2. எழுதும் கட்டளையை அடிக்கும் முன் கையை எடுத்துவிடு. லினக்ஸைப் பென் டிரைவில் எழுதும் டிடி என்கிற கட்டளை கேள்வி கேட்காது. ஹார்ட் டிஸ்கின் பெயரைக் கொடுத்தால் ஹார்ட் டிஸ்கையே அழித்து எழுதும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். பென் டிரைவைச் செருகும் முன் ஒரு தடவையும் செருகிய பின் ஒரு தடவையும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் போட்டு, புதிதாக வந்த வரி எது, அதன் அளவு என்ன என்று பார். ஒரு பையன் அவசரத்தில் அண்ணனின் டிஸ்கில் எழுதிவிட்டான். கல்யாணப் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. அண்ணன் திட்டவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் போனது. இன்றும் அவன் அந்தக் கட்டளையை அடித்துவிட்டு, என்டர் தட்டும் முன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறான். நல்ல பழக்கம்.

3. சேமிக்கிறது என்று நம்பாதே, சோதித்துப் பார். டெபியன் என்கிற லினக்ஸ் வகையில் சேமிப்புப் பிரிவின் பெயர் 'பெர்சிஸ்டென்ஸ்' என்றே இருக்க வேண்டும். எதைச் சேமிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு சின்னக் கோப்பும் அதற்குள் இருக்க வேண்டும். தொடங்கும்போது கொடுக்கிற சொல்லும் 'பெர்சிஸ்டென்ஸ்'தான். உபுண்டு என்கிற இன்னொரு வகை கேட்பதோ 'பெர்சிஸ்டென்ட்'. இதை அதில் போட்டாலும் அதை இதில் போட்டாலும் கணினி குறை சொல்லாது, அழகாகத் திறக்கும். நாள் முழுக்க வேலை செய்து அணைத்து, மறுநாள் திறக்கும்போது மேசை துடைத்து வைத்ததுபோல் இருக்கும். அதனால் முதல் தடவை வேலை எதையும் தொடங்காதே. ஒரு வெற்றுக் கோப்பில் உன் பெயரை எழுதிச் சேமி. அணைத்துவிட்டுத் திரும்பத் திற. பெயர் இருந்தால் மட்டும் மேலே போ. பென் டிரைவையும் சும்மா நம்பாதே. உறையில் ஒரு கொள்ளளவு எழுதி உள்ளே அதில் ஒரு பங்குகூட இல்லாத போலிகள் சந்தையில் நிறைய உண்டு. எஃப்3 என்ற கருவி முழுக்க எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். பொறுமையாக ஒரு மாலை செலவழி.

4. கண்டதையும் சேர்க்காதே. இடம் இருக்கிறதே என்று விளையாட்டு, வால்பேப்பர், பத்து பிரவுசர் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். முழு அமைப்பையும் அப்டேட் செய்வார்கள். புதிய கோப்புகளெல்லாம் மேலடுக்கில் வந்து உட்காரும், அதே மென்பொருளின் பழைய வடிவம் அடியில் கிடக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு இடம் போகும். இப்படி டிரைவிலிருந்தே ஓடும் லைவ் அமைப்புகள் பெரும்பாலானவற்றில் கெர்னலை அப்டேட் செய்தும் பயனில்லை. தொடங்கும்போது அது மாறாத பகுதியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். சேமிப்பை ஃபேட்32 பிரிவில் ஒரு கோப்பாக வைத்திருந்தால் 4 ஜிபி-க்கு மேல் வளரவும் வளராது. அடுக்கு நிரம்பினால் ஒருநாள் மேசையே திறக்காது, அது பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய நாளாக இருக்கும். டெபியனில் வீட்டு அடைவை மட்டும் சேமிக்கச் சொல்ல முடியும். நான் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்கிறேன். உன் கோப்பு, உன் அமைப்பு, உன் விசைப்பலகை, இவை போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய வெளியீட்டை எடுத்துப் புதிதாக எழுதி, உன் கோப்புகளை மட்டும் அதில் கொண்டுபோய் வை. புதிதாகத் தொடங்க அஞ்சாதவனுக்கு இந்த வழி சுகமாக இருக்கும்.

5. இது எல்லாவற்றிலும் முக்கியம், நிதானமாகப் படி. நீ உட்காருவது அடுத்தவர் கணினி. "நான் ஒன்றும் மாற்றவில்லை, பென் டிரைவில்தானே ஓடுகிறது" என்று வாயால் சொன்னால் போதாது. முதலில் கேள். கேட்காமல் லேபிலோ சென்டரிலோ மறுதொடக்கம் செய்யாதே. ஆபீஸ் லேப்டாப் என்றால் கேட்கவும் வேண்டாம், தொடாதே. உன்னால் அதை வைத்திருப்பவரின் வேலைக்கு ஒரு கேள்வி வரக் கூடாது.

அனுமதி கிடைத்தபின், ஒரு முறை மட்டும் வேறு டிரைவிலிருந்து தொடங்கச் செய்கிற பட்டியலைப் பயன்படுத்து. பல லெனோவோ, டெல் கணினிகளில் அது எஃப்12, எச்பியில் எஃப்9. பயாஸுக்குள் போய்த் தொடக்க வரிசையை நிரந்தரமாக மாற்றி வைத்துவிட்டு வராதே. செக்யூர் பூட்டை அணைக்காதே. டெபியனும் உபுண்டுவும் அது இருக்கும்போதே தொடங்கும். ஒரு பெண், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர் ஒருவரின் லேப்டாப்பில் அதை அணைத்துவிட்டாள். மறுபடி விண்டோஸ் திறந்தபோது அதன் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்டது, 48 இலக்கம். அப்படியொன்று இருப்பதே டீச்சருக்குத் தெரியாது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கையும் திறக்காதே. கோப்பு உலாவியில் அதன் பெயர் தெரியும், ஒரு சொடுக்கில் திறந்தும்விடும். திறக்க முடிகிறது என்பதால் திறக்கும் உரிமை உனக்கு வந்துவிடாது, கண்ணு. இன்னொன்றும் இருக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால், அணைத்த பிறகும் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் வெளியிலிருந்து ஏதாவது எழுதினால் அவர்கள் கோப்பு கெடலாம். வேலை முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு, அவர்கள் விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கிறதா என்று உரிமையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்த்துவிட்டுக் கிளம்பு. அடுத்த முறை அந்த வீட்டுக் கதவு உனக்குத் திறப்பதும் திறக்காததும் இதில்தான் இருக்கிறது.

6. அணைத்து முடியும்வரை காத்திரு. நீ 'சேமி' என்று சொன்னதும் லினக்ஸ் அதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், பென் டிரைவில் பிறகுதான் இறக்கும். சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் இன்னும் இறக்குகிறது என்று பொருள். அப்போது பிடுங்கினால் அடுக்கே குலையும். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த மண்தான் இது. ஆனாலும் சித்தப்பா வீட்டு மேசைக் கணினிக்கு யுபிஎஸ் கிடையாது, மழைக்கால மாலையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நீளமாக ஏதாவது எழுதும்போது காத்திருப்பதை உடனே இறக்கச் சொல்லும் சிங்க் கட்டளையை நடுநடுவே போட்டுக்கொள்.

7. தொலைந்துவிடும் என்று வைத்துக்கொண்டே நட. விரல் நீளப் பொருள், ரயில் நெரிசலில் சட்டைப் பையிலிருந்து விழும். அதற்குள் உன் வைஃபை கடவுச்சொல், பிரவுசரில் திறந்தே கிடக்கும் மின்னஞ்சல், அப்பாவின் ஆதார் நகல் எல்லாம் இருக்கும். லைவ் அமைப்பில் உள்ளே நுழையப் பெரும்பாலும் கடவுச்சொல்லே கேட்பதில்லை, எடுத்தவர் கையில் எல்லாம் போய்விடும். சேமிப்புப் பிரிவை லக்ஸ் என்கிற குறியாக்க முறையில் பூட்டி உருவாக்கு. டெபியன் அதை ஏற்கும். டெய்ல்ஸ் என்கிற லைவ் லினக்ஸ் பூட்டாத சேமிப்பை அனுமதிப்பதே இல்லை. பூட்டுச் சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது, எனவே அம்மாவுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு தாளில் எழுதி வை. வாரம் ஒருமுறை கோப்புகளை இன்னொரு டிரைவில் நகலெடு. பென் டிரைவுக்கு ஆயுள் குறைவு, முன்னறிவிப்பும் இருக்காது.

8. உன் மொழியில் அமைத்துக்கொள். தமிழ்99 விசைப்பலகையையும் கன்னடத்தையும் ஐபஸ் என்கிற உள்ளீட்டுக் கருவியில் ஒரு முறை சேர்த்துவிட்டால், எந்தக் கணினியில் செருகினாலும் இரண்டும் உன் கூடவே வரும். பள்ளியில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்த உனக்கு இது பெரிய வசதி. சந்தேகம் வந்தால் தமிழிலேயே கேள். 2012-ல் தொடங்கிய கணியம் இதழில் லினக்ஸ் பற்றி எளிய தமிழில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவில் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். கேட்கும்போது என்ன செய்தாய், திரையில் என்ன வந்தது என்பதை அப்படியே எழுது. "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் உதவ நினைப்பவரின் கையும் கட்டப்பட்டுவிடும்.

9. இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடு. 2011-ல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குத் தந்த இலவச லேப்டாப்களில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இருந்தது. மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அந்தத் திட்டம் கிடையாது, வேலூர்ப் பக்கத்து உறவுக்காரப் பிள்ளைக்குக் கிடைத்தது. அவள் ஒரு நாளும் லினக்ஸைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். கருவி கைக்கு வந்தால் போதாது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அதனால் உன்னிடம் கேட்கிற பிள்ளையை அனுப்பிவிடாதே. ஆனால் உன் டிரைவை அப்படியே நகலெடுத்துக் கொடுக்காதே. உன் கடவுச்சொற்களும் சாவிகளும் அதோடு போகும். வெறும் டிரைவைக் கொண்டுவரச் சொல். எல்எஸ்பிஎல்கே போட்டுப் புதிய வரி எது என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், கட்டளையை அந்தப் பிள்ளையே அடிக்கட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து, தப்பான பெயரைக் கொடுத்தால் மட்டும் கையைப் பிடித்து நிறுத்து.