தாயின் குருதியும் சேயின் எடையும்

செட்டிநாடு வானம் பார்த்த பூமி. காரைக்குடியைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஊருணியே பன்னெடுங்காலம் குடிநீர் தந்தது. அது வற்றினால் ஊரே வாடும். கருவில் வளரும் குழந்தைக்குத் தாயின் குருதியே ஊருணி. உணவும் உயிர்வளியும் அதன் வழியாகவே நச்சுக்கொடியை அடைந்து சேயைச் சேர்கின்றன.

கருவுற்ற பெண்ணின் உடலில் குருதியின் நீர்ப்பகுதி விரைந்து பெருகும். செவ்வணுக்கள் அதற்கு ஈடாகப் பெருக இரும்புச்சத்து வேண்டும். கருக்காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் வேண்டும் என்பர். அது கிட்டாவிடின் உயிர்வளியைச் சுமக்கும் ஈமோகுளோபின் குறைகிறது. 100 மில்லிலிட்டர் குருதியில் அது 11 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் கடுஞ்சோகை. சோகையுற்ற தாய்மாருக்குக் குறைமாதப் பேறும் எடை குன்றிய குழந்தையும் வாய்க்கும் அச்சம் மிகுதி. 2500 கிராமுக்குக் குறைந்த சிசு விரைவில் உடற்சூட்டை இழக்கும்; பால் உறிஞ்சவும் வலுவின்றி அயரும்; நோய்க்கு எளிதில் இரையாகும்.

“வயிறு நிறைய உண்ணாதே, பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும்” என்று கூறும் பாட்டியர் நம் நாட்டில் உளர். அன்பினால் பிறந்த சொல்லே. ஆயினும் தீங்கான சொல். முகம் வெளிறுவதையும், படியேறும்போது மூச்சு வாங்குவதையும், “பிள்ளைத்தாய்ச்சிக்கு இது இயல்புதானே” என்று தள்ளிவிடுவது அதனினும் தீங்கு. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளுள் பாதிப்பேருக்கு மேல் சோகையுற்றிருந்தனர். பலரிடம் காணப்படுவதாலேயே ஒரு நோய் இயல்பாகிவிடுமா?

நம் நாட்டு ஏழைத் தாய்மாரின் சோகையை அவர்தம் உணவோடு இணைத்து ஆராய்ந்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார். 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்த அவர், ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே காணப்பட்ட ஒருவகைச் சோகையை ஆய்ந்தார். பின்னர்க் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் சென்னையிலும் பணியாற்றினார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றை உட்கொள்ளச் செய்தபோது நோயாளிகள் தேறினர். 1931இல் அம்முடிவை வெளியிட்டார். அவர் கண்ட காரணப்பொருள் இன்று போலிக் அமிலம் எனப்படுகிறது. 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டமையால், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று அப்பெயர் பெற்றது. நம் வீட்டுக் கொல்லை முருங்கையிலும் அஃது உண்டு.

எனினும், மிகப் பரவலாகக் காணப்படுவது இரும்புக் குறைவால் வரும் சோகையே. ஆதலின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை நான்காம் திங்கள் முதல் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாள் உண்ணுமாறு இலவசமாகத் தருகின்றனர். அதை விழுங்கியவுடன் காப்பியோ தேநீரோ பருகினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். விருந்தினர்க்கெல்லாம் காப்பி நீட்டும் இல்லங்களில் இதனைக் கடைப்பிடிப்பது சற்றே கடினந்தான்! நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்பு சேரத் துணைபுரியும். மாத்திரையால் மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சி அதைப் பாதியில் நிறுத்துவோர் உண்டு. அஃது இரும்பின் நிறமேயன்றி நோயன்று. குழந்தை பிறந்த பின்னரும் தாய் அம்மாத்திரையை மேலும் 180 நாள் உண்ணுதல் வேண்டும். பேற்றில் இழந்த குருதியை உடல் மீண்டும் ஆக்கிக்கொள்ள வேண்டும் அன்றோ?