சிதலின் சுரப்பிகள்

தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது என்றும், எண்ணெய் சொரிந்து எடுத்தபோது அவற்றுள் ஒரு பகுதியே எஞ்சியது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். அரிசி மணியளவே உள்ள, பார்வையற்ற ஓர் உயிர் இத்துணைப் பேரழிவை எவ்வாறு நிகழ்த்துகிறது? விடையின் ஒரு பாதி அதன் தாடையில் உள்ளது. மறுபாதி அதன் சுரப்பிகளில் உள்ளது.

பேச்சு வழக்கில் கறையான், செல் என்றும் இலக்கிய வழக்கில் சிதல் என்றும் வழங்கும் இவ்வுயிரை 'வெள்ளை எறும்பு' எனச் சிலர் எழுதுவர். அது பொருந்தாது, சிதல் எறும்பினமன்று, கரப்பான்பூச்சியின் கிளையில் தோன்றியது. மழைநாளில் விளக்கைச் சூழும் ஈசல் இதன் சிறகுடைய வடிவமேயாகும்.

வேலைக்காரச் சிதலின் வயிற்றின் அடிப்புறத்தில், பெரும்பாலான இனங்களில் ஐந்தாம் கண்டத்தில், ஒரு சுரப்பி அமைந்துள்ளது. இரை கண்டு திரும்பும் சிதல் தன் வயிற்றைத் தரையில் அழுத்தி நடக்கும். அப்போது கசியும் பொருளே பிற சிதல்களுக்கு வழிகாட்டும் கோடாகிறது. பல இனங்களில் இப்பொருள் டோடெக்காட்ரையீனால் என்னும் ஆல்கஹால் ஆகும். ஒரு கிராமை இலட்சம் கோடிக் கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூறு போன்ற நுண்ணளவே அவற்றை நடத்திச் செல்லப் போதும். சிலவகைப் பந்துமுனைப் பேனாவால் தாளில் வட்டம் வரைந்தால் சிதல்கள் அவ்வட்டத்தையே சுற்றிவரும். அம்மையில் உள்ள பினாக்சி எத்தனால் என்னும் கரைப்பான் வழிக்கோட்டின் பொருளைப்போலச் செயற்படுவதே இதற்குக் காரணம்.

சில இனங்களில் இதே டோடெக்காட்ரையீனால், ஈசல் பருவத்தில் மிகுதியாகச் சுரந்து துணையை அழைக்கவும் பயன்படுகிறது. ஒரு சொல் இடம் நோக்கிப் பொருள் வேறுபடுவதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது வியப்பளிக்காது. பெரோமோன் என்பதை 'இனக்கவர்ச்சிப் பொருள்' என்று மட்டும் மொழிபெயர்ப்பது குறையுடையது என்பதும் இதனால் விளங்கும்.

மார்புப் பகுதியில் திராட்சைக் குலைபோல் அமைந்திருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி. அதனுடன் நீர் சேமிக்கும் பைகளும் உண்டு. மண்துகளை ஒட்டிப் புற்றாக்குவதும், சில இனங்களில் மரத்தின் செல்லுலோசைச் சிதைக்கும் நொதியைத் தருவதும் இதுவே. இதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரோகுயினோன், இரையின்மீது படிந்து, 'இங்கே உண்க' எனப் பிறவற்றைத் தூண்டுகிறது. ஏட்டுக்கட்டில் ஒரு சிதல் வாய்வைத்த இடத்தில் கூட்டமே குழுமுவது இதனாற்றான்.

போர்வீரச் சிதல்களுள் பலவற்றுக்கு நெற்றியில் ஒரு சுரப்பி உண்டு. காப்டோடெர்மிஸ் இனத்தில் இது தலையைக் கடந்து வயிறு வரை நீண்டு கிடக்கும். எறும்பு தாக்கினால் நெற்றித் துளைவழியே பால்போன்ற பசை வெளிப்படும். நாசூட்டிடெர்மிஸ் வீரனுக்குத் தாடை தேய்ந்தொழிந்து, நெற்றி கூரிய மூக்காக நீண்டுள்ளது. கண்ணின்றியே அது பகைமீது பசையைப் பீய்ச்சும். ஆயினும் தானாக உண்ண இயலாது. வேலைக்காரச் சிதல் ஊட்டினால்தான் அது உயிர்வாழும்.

இவற்றினும் வியத்தகு செய்தி தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாக் காட்டிலிருந்து 2012இல் வெளிவந்தது. நியோகாப்ரிடெர்மிஸ் தராகுவா என்னும் இனத்தில் முதிய வேலைக்காரச் சிதல்களின் மார்பும் வயிறும் கூடுமிடத்தில் இரு பைகள் உள்ளன. வயது ஏற ஏற அவற்றில் நீலப் படிகங்கள் சேர்கின்றன. செம்பு அணுக்கள் கொண்ட புரதமே அப்படிகம். பகைவரோடு பொருதும்போது சிதலின் உடல் வெடிக்கும். படிகம் உமிழ்நீர்ச் சுரப்பியின் நீருடன் கலந்து நஞ்சாகும். வெடித்த சிதலும் மடியும்.

ஆய்வாளர்கள் முதிய சிதலிடமிருந்து படிகத்தை நீக்கினர். அதன் துளியின் நச்சுத்தன்மை குறைந்தது. அப்படிகத்தை இளஞ்சிதலின் துளியில் சேர்த்தனர்; அத்துளி நஞ்சாயிற்று. நீலப் படிகம் மிகுந்த சிதல்களின் தாடைகளை உருப்பெருக்கியில் நோக்கியபோது அவை மழுங்கித் தேய்ந்திருந்தன. இரை கொணரும் ஆற்றல் குன்றிய பருவத்திலேதான் அவற்றின் பைகள் நிறைகின்றன.